உரிமையாளர் பெயர்: சாவி தொலைச்சான்

ஒரு இணைய முகவரி சாவதற்கு முன் கடிதம் போடும். அறுபது நாள் இருக்கும்போது ஒன்று, முப்பது நாளில் ஒன்று, ஏழு நாளில் ஒன்று, கடைசி நாளில் ஒன்று. செத்த பிறகும் இரண்டு போடும். மனிதர்களில் இவ்வளவு பொறுப்பானவர்கள் குறைவு. என் சித்தப்பாவின் கடை முகவரியும் எல்லாக் கடிதங்களையும் முறையாகப் போட்டது. எல்லாம் நான் கொடுத்த மின்னஞ்சலுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த மின்னஞ்சலை நான் திறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

சித்தப்பா பூட்டுக்காரர். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டவர்கள், சாவியைத் தொலைத்தவர்கள், பெட்டகத்தின் எண்ணை மறந்தவர்கள் எல்லாரும் அவரைக் கூப்பிடுவார்கள். மூன்று வருடத்துக்கு முன் அவருக்கு ஒரு வெப்சைட் வேண்டியிருந்தது. குடும்பத்தில் கம்ப்யூட்டர் படிக்கப் போனவன் நான் ஒருவன்தான். முதல் வருடம் முதல் பருவத்திலேயே எனக்கு 'புரொபசர்' என்று பெயர் வைத்திருந்தார். கம்ப்யூட்டரை எந்தப் பக்கம் திறப்பது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்திருந்தது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

"எங்க போன் நம்பரே ரெண்டு தடவ மாறிடுச்சு புரொபசர். ஜனங்க பழைய நம்பருக்கு அடிச்சுட்டு எவனையாவது திட்டுறாங்க" என்றார்.

"நம்பர் மாறும் சித்தப்பா. வெப்சைட் பேர் மாறாது. அத ஸ்டிக்கர்ல போட்டு கதவு நிலையில ஒட்டிடுங்க. வெளிய மாட்டிக்கிட்டவன் செல்லுல அடிச்சுப் பாத்துப்பான்."

என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே உருப்படியான யோசனை அது. அவர் அதை அப்படியே நம்பினார். ஊரில் அவர் திறந்த ஒவ்வொரு கதவின் நிலையிலும் கட்டைவிரல் அளவு மஞ்சள் ஸ்டிக்கர் ஏறியது. அதில் போன் நம்பர் கிடையாது. முகவரி மட்டும்.

பதிவு செய்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மறக்க முயற்சி செய்ததால் இன்னும் நன்றாக. கடையின் பின்பக்கம், சாவி வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தேன். படிவம் திறந்ததும் சித்தப்பா நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

"ஏன் சித்தப்பா?"

"நீ ரகசிய நம்பர் எல்லாம் போடுவல்ல. நான் பாக்கக் கூடாது."

அது அவர் தொழில் பழக்கம். பெட்டகத்துக்குப் புது எண் வைப்பவர் முன் அவர் நிற்கவே மாட்டார். கதவைத் திறந்துவிட்டால் உள்ளே எட்டிப் பார்க்க மாட்டார். இரண்டு அடி பின்னால் போய்த் தெருவைப் பார்த்து நிற்பார். அன்று ஆணிகளும் நாட்காட்டியும் தொங்கிய சுவரைப் பார்த்துக்கொண்டு, என்னிடம் முழுசாக முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார்.

படிவம் 'உரிமையாளர் பெயர்' என்று கேட்டது. நான் அப்போது கல்லூரியில் நாலு பேரோடு சேர்ந்து ஒரு கேலிப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தேன். கண்ணில் பட்டவருக்கெல்லாம் பட்டம் வைப்பது என் பொறுப்பு. அதற்கு முந்தின மாதம்தான் சித்தப்பா தன் வேன் சாவியைத் தொலைத்து, உதிரிச் சாவியையும் கருவிகளையும் வேனுக்குள்ளேயே வைத்துவிட்டு, வேறொரு பூட்டுக்காரரைக் கூப்பிட்டுத் திறந்திருந்தார். வீட்டில் ஒரு வாரம் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆகவே முதல் பெயர் என்ற கட்டத்தில் 'சாவி' என்று போட்டேன். இரண்டாம் பெயர் என்ற கட்டத்தில் 'தொலைச்சான்' என்று போட்டேன். மின்னஞ்சலுக்குக் கேலிப் பத்திரிகையின் மின்னஞ்சல். பிறகு திரையைப் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பினேன். அவர்கள் அனுப்பிய சிரிப்புப் பொம்மைகள் என் செல்லில் டிங் டிங் என்று வந்து விழுந்தன.

"என்னடா சத்தம்?" என்றார் சுவரைப் பார்த்தபடியே.

"பதிவு ஆகுது சித்தப்பா."

பத்திரிகையை மறு வருடம் கல்லூரி முதல்வர் மூடினார். மின்னஞ்சலின் பாஸ்வேர்டு யாருக்கும் நினைவில்லை. பத்திரிகை மூடியதை நாங்கள் தியாகம் என்று சொல்லிக்கொண்டோம்.

போன செவ்வாய்க்கிழமை சித்தி கூப்பிட்டாள். கடையில் போன் எடுப்பது, வேலைகளை வரிசைப்படுத்துவது எல்லாம் அவள்தான்.

"மூணு வாரமா போனே வரலடா. உங்க சித்தப்பா, ஊர்ல எல்லாரும் திடீர்னு ஜாக்கிரதையாயிட்டாங்க போலன்னு சிரிச்சிட்டு இருந்தாரு. இன்னிக்கு ஒரு அம்மா நேர்ல வந்து கத்துறாங்க. நம்ம ஸ்டிக்கர பாத்துத்தான் அடிச்சாங்களாம். வேற எவனோ வந்து பூட்டத் துளைபோட்டு ஒடச்சுட்டுப் போயிருக்கான். என்னன்னு பாரேன்."

பார்த்தேன். சித்தப்பாவின் பக்கம் இருந்த இடத்தில் விளம்பரங்கள். முதலாவது ஒரு பூட்டுக் கம்பெனி, இருபத்து நாலு மணி நேரச் சேவை, சிரிக்கும் ஆள், கையில் துளைக்கருவி. ஊரில் உள்ள எல்லாக் கதவுகளிலும் நாங்களே ஒட்டிய ஸ்டிக்கர் அவனுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தது.

"சின்னப் பிரச்சினை சித்தி. சர்வர்ல" என்றேன். சர்வர் என்ற சொல்லைச் சொன்னால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். அதற்காகவே அந்தச் சொல் கண்டுபிடிக்கப்பட்டிருக்க வேண்டும்.

கல்லூரி மாடிப்படிக்குக் கீழே நின்று பதிவுக் கம்பெனிக்கு அடித்தேன். ஒரு பெண் எடுத்தார்.

"அக்கவுண்ட் ஓனர் பேர் சொல்லுங்க சார்."

சொன்னேன்.

"மெதுவா, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார்."

சத்தமாகச் சொன்னேன். படியில் இறங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

"நன்றி சார். மிஸ்டர் தொலைச்சான் நீங்களா?"

"இல்லைங்க. என் சித்தப்பா."

"ஓகே சார். மிஸ்டர் தொலைச்சானோட அடையாள அட்டை ஒண்ணு அனுப்பணும். பதிவுல இருக்கிற பேரும் அட்டையில இருக்கிற பேரும் ஒண்ணா இருக்கணும். அது வந்தாத்தான் மெயில் மாத்தித் தருவோம், நீங்க புதுப்பிச்சுக்கலாம். இன்னும் நாலு நாள் இருக்கு சார். அதுக்கப்புறம் பேர் பொதுவுல போயிடும். யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்."

யார் எடுப்பான் என்று எனக்குத் தெரியும். துளைக்கருவியோடு சிரித்துக்கொண்டிருந்தவன் எடுப்பான்.

அப்போதே நேராகக் கடைக்குப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் கையில் திறமை இருப்பவனுக்கு உண்மை எப்போதும் கடைசி யோசனைதான். சித்தியிடம் சித்தப்பாவின் லைசென்ஸைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. உடனே அனுப்பினாள். அதில் பெயரை அழித்து 'சாவி தொலைச்சான்' என்று எழுத எனக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆனது. எழுத்துரு அப்படியே பொருந்தியது. மேலே படத்தில் சித்தப்பா கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு, யாரோ ஏதோ கேட்டால் பதில் சொல்லத் தயாராக இருப்பவர்போல் பார்த்தார். அன்று அனுப்பவில்லை. அடுத்த இரண்டு நாளும் இல்லை. நாலாம் நாள், கடைக்குப் போய் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தேன். முகத்தைப் பார்த்தால் தைரியம் வரும் என்று எந்த முட்டாள் எனக்குச் சொன்னான் என்று தெரியவில்லை. அநேகமாக நான்தான்.

கடையில் ஒருவர் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார். நல்ல சட்டை, கையில் காய்கறிப் பை.

"என் வீடுதாங்க அது. பர்ஸ், அட்டை எல்லாம் உள்ளதான் இருக்கு. திறந்தாத்தானே காட்ட முடியும்?"

"தப்பா நினைக்காதீங்க. பக்கத்து வீட்டுக்காரர் யாராவது இருந்தா ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க, இதோ கிளம்புறேன்" என்றார் சித்தப்பா. "உங்கள நம்பலன்னு இல்ல. உங்க வீட்டையும் நான் இப்படித்தானே காப்பாத்தணும்?"

வந்தவர் யோசித்துவிட்டு, செல்லில் பக்கத்து வீட்டு எண்ணைத் தேட ஆரம்பித்தார். என் சட்டைப்பையில் இருந்த செல், அதிலிருந்த லைசென்ஸ் படத்தோடு, கொஞ்சம் கனமானது.

அப்போது கடை போன் அடித்தது. சித்தப்பாவின் இரண்டு கையிலும் எண்ணெய். சித்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கம், டொமைன் பதிவுக் கம்பெனியிலேர்ந்து பேசுறோம். மிஸ்டர் சாவி தொலைச்சான் இருக்காரா?"

போன் எண்ணும் ஏதோ உளறிக் கொடுத்திருப்பேன் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்தப் படிவத்திலேயே நான் நிஜமாக எழுதியிருந்தது அது ஒன்றுதான்.

"யாரு?" என்றாள் சித்தி.

"சாவி. தொலைச்சான். அவரோட அடையாள அட்டை இன்னும் வரல மேடம். நாளைக்கு சாயங்காலம் டைம் முடியுது."

காய்கறிப் பைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூட்டுக் கடையில் நின்றுகொண்டு அந்தப் பெயரைக் கேட்டால் எனக்கும் வந்திருக்கும். சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் நாட்காட்டியைப் பார்த்தேன். அவருக்குப் புரிய எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. ஒரு சாவி வெட்டும் நேரம் இருக்கும்.

"அப்படி ஒரு ஆள் இங்க இல்லைங்க" என்றார் போனைப் பார்த்து. "ஆனா அது நான்தான். பையன் விளையாட்டா எழுதிட்டான். என்கிட்ட அந்தப் பேர்ல அட்டை கிடையாது. வேற வழி இருக்கா?"

இருந்தது. இரண்டு பேரும் ஒருவரே என்று நோட்டரி வக்கீல் முன் கையெழுத்துப் போட்ட உறுதிமொழிப் பத்திரம். அதோடு அவருடைய நிஜ அட்டை. மூன்று நாளுக்கு முன் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்கும் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

போனை வைத்த பிறகு சித்தி கேட்டாள்: "அன்னிக்கு லைசென்ஸ் எதுக்குடா வாங்கின?"

செல்லை எடுத்து நீட்டினேன். பொய் சொல்லக்கூடத் தோன்றவில்லை. சித்தப்பா கையைத் துடைத்துவிட்டு வாங்கி, தூரம் வைத்து, கிட்டே வைத்துப் பார்த்தார்.

"எழுத்து நல்லா பொருந்தியிருக்கு" என்றார். அவ்வளவுதான். அந்த நிமிடத்திலிருந்து என்னைப் புரொபசர் என்று கூப்பிடவில்லை. "வாப்பா, போகலாம்" என்றார். யாரோ வீட்டுப் பையனைக் கூப்பிடுவதுபோல.

பக்கத்து வீட்டுக்காரர் பேசியதும் காய்கறிப் பைக்காரரின் கதவைத் திறந்துவிட்டு நோட்டரியிடம் போனோம். அவர் அறையில் ஏழெட்டுப் பேர் பெஞ்சில் காத்திருந்தார்கள். அந்த வக்கீலுக்கு எதையும் வாய்விட்டுப் படித்தால்தான் புரியும். "மேற்படி நபரும், சாவி தொலைச்சான் எனப் பதிவில் காணப்படும் நபரும் ஒருவரே, வெவ்வேறு நபர்கள் அல்லர்" என்று படித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாகச் சித்தப்பாவைப் பார்த்தார்.

"தொழில்?"

"பூட்டுத் திறக்கிறது" என்றார் சித்தப்பா.

பெஞ்சில் யாரோ செருமினார்கள். வக்கீல் முத்திரையை இரண்டு முறை தேடினார்; அது அவர் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. சாட்சி என்ற இடத்தில் நான் என் நிஜப் பெயரை எழுதினேன். எழுத்து கோணியது. சித்தப்பா நேராக நின்றிருந்தார். கழுத்துப் பொத்தானைப் போட்டிருந்தார்.

மறுநாள் மதியம் அக்கவுண்ட் திறந்தது. கெடு முடிய மூன்று மணி நேரம் இருந்தது. புதுப்பித்தாகிவிட்டது, இனித் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்படியும் போட்டேன். விளம்பரங்கள் போய்ச் சித்தப்பாவின் பக்கம் திரும்ப வந்ததும், சித்தி போனை ஒரு முறை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள்.

மிச்சம் ஒன்று இருந்தது. 'உரிமையாளர் பெயர்: திருத்து.' அதே சாவி வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தேன். சித்தப்பா நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். இந்த முறை அவர் ஒவ்வொரு எழுத்தையும் பார்ப்பார் என்று திரையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். பார்க்க வேண்டும் என்று நிஜமாகவே விரும்பினேன்.

அவர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

"சித்தப்பா, இது பாஸ்வேர்டு இல்ல. பேர்தான். பாருங்க."

"போடுப்பா நீ" என்றார் ஆணிகளைப் பார்த்துக்கொண்டு. "பாக்கக் கூடாது."

அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு எழுத்தாக, கடைக்கு வெளியே நிற்பவருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்லிச் சொல்லி அவர் பெயரை அடித்தேன்.