மூச்சு விட இடமில்லாத பாட்டு

மேடையில் அவன் பெயர் எரிமலை. பகலில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். அங்கே எரிமலை வெடித்தால் யாருக்காவது கண் தெரியாமல் போகும் என்பதால் வாயைத் திறப்பதில்லை.

அன்று அவனுடைய முதல் ராப் ஆல்பம் வெளியாகிறது. பெயர் 'தனியாள்'. ஒன்பது பாட்டு. ஒன்பதிலும் அவனுக்கு நாதியில்லை. கை கொடுக்க ஆளில்லை, கதவு திறக்க ஆளில்லை. இப்பேர்ப்பட்ட அநாதை அதை எங்கே பதிவு செய்தான் என்றால், அக்காவின் துணி அலமாரிக்குள். அவளுடைய கோட்டுகளுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டால் எதிரொலி வராது. பஸ் ஓட்டிக் களைத்து வந்த அக்கா வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கணினியில் பதிவுப் பொத்தானை அமுக்குவாள். ஒரு வரி சொல்வான். "நிறுத்துக்கா" என்பான். மூச்சு வாங்குவான். அப்புறம் அடுத்த வரி. இப்படியே மூன்று மாதம்.

நூலக மாடியில் ஐந்து மணிக்கு விழா. வானொலியில் புதியவர்களை அறிமுகப்படுத்தும் அம்மையார் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். முதல் பாட்டை எதிரில் நின்று பாடிக் காட்ட வேண்டும். பதிவை ஓடவிட்டு வாயசைக்கிறவர்களை அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பிடித்துப்போனால் அடுத்த செவ்வாய்க்கிழமை வானொலியில் இவன் குரல்.

நான்கு மணிக்கு ஒத்திகை. பாட்டுகளை ஒட்டிச் சேர்த்துக் கொடுத்த நண்பன் வெறும் தாளத்தை ஓடவிட்டான். எரிமலை ஆரம்பித்தான். மூன்றாம் வரியில் கொட்டாவி விட்ட பூனைபோல நின்றான்.

"ஏன்டா முழுங்குற?"

"நீ தாளத்தை வேகமாக்கிட்ட."

"அதே தாளம்தான்டா."

"இன்னொரு தரம் போடு."

இன்னும் இரண்டு தரம் போட்டார்கள். ஒவ்வொரு தரமும் நாலாவது வரியின் தலை காணாமல் போயிற்று. நண்பன் கணினித் திரையை உற்றுப் பார்த்தான். உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"டேய், மூணாவது வரி முடியறதுக்குள்ளயே நாலாவது ஆரம்பிக்குது. ரெண்டும் உன் குரல்தான்."

"அதெப்படி?"

"நீதானே சொன்ன, இடைவெளியே தெரியக்கூடாது, நெருக்கி வைன்னு? வச்சேன்."

"பாட்டு முழுக்கவா?"

"ஒன்பது பாட்டும்."

"அப்போ இதை யாராலடா பாட முடியும்?"

"ரெண்டு வாய் இருக்கறவனால."

மூன்று மாதத்தில் ஒரு தடவைகூடத் தொடங்கின இடத்திலிருந்து முடிகிற இடம்வரை அவன் பாடிப் பார்த்ததில்லை. 'தனியாள்' என்று பெயர் வைத்து, தனியாளால் பாடவே முடியாத பாட்டைப் போட்ட மேதை நானாகத்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டான். பெருமையாகக்கூட இருந்தது, அரை நிமிடம்.

வரிகள் முழுக்கத் தெரிந்த இன்னொரு ஜீவன் உலகத்தில் ஒன்றுதான். அது நாலரைக்குச் சீருடையோடு படியேறி வந்தது.

"அக்கா, ஒரு உதவி."

"நீங்க யாரு?"

"விளையாடாதக்கா."

"இல்ல, யாருமே இல்லாதவர்னு கேள்விப்பட்டேன்."

"ராப்புல அப்படித்தான்க்கா சொல்லணும்."

"கதவு திறக்க ஆளில்லைன்னு நாப்பது தரம் கத்தினியே, உள்ள மூச்சு முட்டுதுன்னு தட்டினப்போ திறந்தது யாரு?"

"நீதான் தாயே. இப்பவும் முட்டுது. ஒரு வரி விட்டு ஒரு வரி நீ சொல்லு."

"எனக்கு மைக்குல 'உள்ள தள்ளி நில்லுங்க' மட்டும்தான்டா சொல்ல வரும்."

"அந்தக் குரல் போதும்."

"ஏறுறேன். ஆனா பாடறதுக்கு முன்னாடி நான் யாருன்னு நீ சொல்லணும்."

அதைச் சொன்னால் ஒன்பது பாட்டின் மானமும் கப்பலேறும். சொல்லாவிட்டால் வானொலி போகும். அம்மையார் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

அக்காவோடு மேடையேறினான். "வணக்கம். நான் எரிமலை," என்றான். "இந்தப் பாட்டை என்னால பாட முடியாது." கூட்டம் நகைச்சுவை என்று நினைத்தது. "நிஜமாத்தான். துணி அலமாரிக்குள்ள வரி வரியாப் பாடி ஒட்டினது. அலமாரி இவங்களோடது. இவங்க எங்க அக்கா. பாட்டுல எனக்கு யாருமில்லைன்னு வரும். அது பொய். தாளத்துக்கு நல்லா இருந்துச்சு, வச்சுட்டேன்."

சிரிப்பு அடங்குவதற்குள் தாளம் விழுந்தது. அவன் ஒரு வரி, அவள் ஒரு வரி. அவன் துள்ளித் துள்ளிச் சொன்னான். அவள் நிறுத்தம் அறிவிப்பதுபோல நின்ற இடத்தில் நின்று சொன்னாள். கைதட்டல் விழுந்ததெல்லாம் அவள் வரிகளுக்கு. இரண்டு இடத்தில் இவன் மறந்தான். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

"செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி," என்றார் அம்மையார். "ரெண்டு பேரும் வரணும். இவர் மட்டும்னா வேண்டாம்."

"எனக்கு அன்னிக்குக் காலை ஷிப்ட்," என்றாள் அக்கா. "மாத்தணும்னா இவனே டிப்போவுல வந்து கேக்கட்டும்."

மறுநாள் கண்ணாடிக் கடைக்கு அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு எரிமலை டிப்போவில் நின்றான். ஷிப்ட் மாற்றப் படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில், ரொம்ப யோசித்து, 'தம்பிக்கு மூச்சு போதவில்லை' என்று எழுதினான்.

மேற்பார்வையாளர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஏம்ப்பா, உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு சார். பாட்டுதான் சரியில்ல."