பச்சை விளக்கு எரியும்வரை

மூன்று மணி நேரமாம், ஒரு பேட்டரிக்குச் சார்ஜ் ஏற மூன்று மணி நேரமாம், யாரிடம் விடுகிற கதை இது... திருவொற்றியூரில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி, மூடிக்கிடக்கும் அந்தக் கம்பெனி யார்டை நோக்கி நடந்த மெஹ்னாஸின் மனதில் இது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு மாதமாக ஷூட்டிங் இல்லை, நடிகர் நடிகைகள் உட்கார்ந்து மேக்கப் போடுகிற அந்தக் கேரவன் யார்டில் சும்மா நிற்கிறது, அதை ஓட்டுகிற அவள் புருஷன் அமானும் பாதி நாள் சும்மா நிற்கிறான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் மட்டும் மத்தியான லுஹர் தொழுகையை முடித்த கையோடு சட்டை மாற்றி, தலை வாரி, "பேட்டரிக்குச் சார்ஜ் போட்டுட்டு வந்துடறேன்" என்று கிளம்பிவிடுகிறான், திரும்பி வருவதற்குள் பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்லிவிடுகிறார்கள். தலை வாரி! பேட்டரியைப் பார்க்கப் போகிறவனுக்கு எதற்குத் தலை வாரல்? பக்கத்து வீட்டு சினேகா அன்றைக்கே சொன்னாள், எங்க வூட்டு இன்வெர்ட்டர் தானா சார்ஜ் ஆவுதுக்கா, யாரு பக்கத்துல குந்திக்கினு பாக்குறா என்று. சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குத் துணி காயப்போடப் போய்விட்டாள், அந்த வார்த்தை மட்டும் முள்ளாக உள்ளே தங்கிவிட்டது.

இன்றைக்கு அவன் வரவில்லை. கை காலியாக இருக்கிறதே என்று ட்ரெய்லர் லாரி ஓட்டப் போனவன், விடியற்காலையிலிருந்து காட்டுப்பள்ளி துறைமுக வரிசையில் மாட்டிக்கொண்டிருக்கிறான். போனில் கெஞ்சினான்... "மெஹ்னா, லைனு நவுரவே மாட்டேங்குது. பீரோ மேல சாவி கீது, நீ போய் ப்ளக்க போட்டுட்டு, காத்து போவ ஜன்னலயும் சோபா பலகையையும் தொறந்து வுட்டுடு. செவப்பு லைட்டு எரியும், பச்ச ஆனதும் பூட்டிக்கினு வந்துடு. வியாழக்கெழம வண்டி ஷூட்டிங்குக்குப் போவுது, பேட்டரி படுத்துக்கிச்சுன்னா ஓனரு என்ன வேலைய வுட்டு அனுப்பிடுவாரு." நான்கு மாதமாக அவள் கையில் படாத சாவி. ஒளிக்க ஏதாவது இருந்தால் அவளையே அனுப்புவானா? இல்லை, எல்லாவற்றையும் துடைத்து வைத்துவிட்ட தைரியமா? அந்த ஜானட் நேற்றுக்கூடப் போன் செய்தாளே, ராயபுரத்துக்காரி, நடிகைகளுக்குத் தலை அலங்காரம் செய்கிறவள், "அமான் அண்ணா இல்லியா?" என்று கேட்டுவிட்டு ஒரு சிரிப்பு. அண்ணா என்று கூப்பிட்டுவிட்டால் ஆயிற்றா? அந்தச் சிரிப்பு காதிலிருந்து இன்னும் இறங்கவில்லை.

கேட்டருகே வாட்ச்மேன் கிருஷ்ணப்பன் ஸ்டூலில் சாய்ந்திருந்தார். அமானோடு யாராவது கூட வருவார்களா என்று நேராகக் கேட்க வாய் வரவில்லை, அவர் தனியாகத்தான் வருவாரா அண்ணே என்று சுற்றிவளைத்துக் கேட்டாள். "தனியாத்தாம்மா வருவாரு. உள்ள போய் கதவ சாத்திக்கினா ஆளு கீறாரா இல்லியான்னே தெரியாது" என்றார். கதவைச் சாத்திக்கொண்டா? தனியாக வருகிறவனுக்குக் கதவு எதற்கு? இந்த ஆளுக்கும் டீ வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்டி வைத்திருப்பான்... கடல் காற்றில் உப்பு படிந்து வண்டியின் வெள்ளை உடம்பு மங்கிப்போயிருந்தது, ஆனால் கதவின் கைப்பிடி மட்டும் பளபளத்தது. ஒயரை இழுத்துச் சுவரில் செருகி, உள்ளே ஏறி சுவிட்சைத் தட்டினாள். சிவப்பு விளக்கு. போனில் மணி பார்த்தாள், ஒன்று ஐம்பது. அவன் சொன்னபடி ஜன்னலைத் திறந்தாள், சோபாவின் பலகையைத் தூக்கினாள். உள்ளே இரண்டு பேட்டரிகள், தூசி இல்லாமல், குளித்துத் துடைத்த பிள்ளைகள் மாதிரி. உப்புக் காற்றுக்குப் பூத்துவிடாமல் முனைகளில் வாஸலின் தடவியிருந்தது... மூலையில் அந்த டப்பா. அவளுடைய டப்பா! மார்கழியில் குதிகால் வெடித்து ரத்தம் வந்தபோது வீடு முழுக்கத் தேடினாளே, "எங்கியாச்சும் வெச்சிருப்ப" என்று டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னானே, பாவி, இங்கே இருக்கிறது. துடைக்கிற துணி? அதுவும் அவளுடைய பழைய துப்பட்டா. பச்சைக் கரை போட்டது.

வயிறு எரிந்தது. ஒரு பெட்டியைப் பார்த்து வயிறு எரிகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை இதற்குத் தண்ணீர் அளவு பார்க்கிறான், அவளுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறானா? சோறு சாப்பிடும்போது ஒருநாள் பெரிய வாத்தியார் மாதிரி விளக்கினான்... "ஓடிக்கினே கீற வண்டி பேட்டரிய தானா சார்ஜ் பண்ணிக்கும் மெஹ்னா. சும்மா நிக்கிற வண்டியத்தான் ஜாக்கிரதையா பாத்துக்கணும், இல்லாங்காட்டி செத்துப்பூடும்." அப்போது தலையாட்டினாள். ஆமாம், அவள்தான் ஓடிக்கொண்டே இருக்கிறாளே, காலையில் அடிபம்பு, இரண்டு பிள்ளைகளுக்கு டிபன், படுக்கையில் இருக்கும் மாமியார் காத்தூன் பீவிக்குத் துடைத்துவிடுவது, மத்தியானம் தையல் மிஷின், அந்த ஒற்றை அறையில் ஒரு நிமிடம் நின்றால் யார் மேலாவது இடிக்கும்... அவளுக்கு எல்லாம் தானாக ஏறிக்கொள்ளும் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. நிமிர்ந்து பார்த்தாள். விளக்கு பச்சை.

இரண்டு பதினைந்து. இருபத்தைந்து நிமிடம்! அப்படியானால் மீதி நேரம்? மீதி நேரமெல்லாம் யாருக்கு? மேக்கப் கண்ணாடிக்குக் கீழே இருந்த இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்தாள், ஹேர்பின் கிடைக்கும், பொட்டு ஒட்டியிருக்கும், நீளமாக ஒரு முடியாவது, ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும், நேராக ராயபுரத்துக்குப் போய் அந்த ஜானட்டின் வாசலில் நின்று தெரு சனத்தையே கூட்டிவிடலாம், அழலாம், அம்மா வீட்டுக்குப் போகலாம், எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது... கிடைத்தது ஒரு பொட்டலம் வேர்க்கடலைத் தோல். ஆணியில் ஒரு பழைய லுங்கி. ஒரே ஒரு டம்ளர், அடியில் காய்ந்த டீ. சோபாவில் ஓரமாக ஒரு தலையணை, அதற்கு நேராக மெத்தையில் நீளமாக ஒரு குழி, ஒருவர் படுக்கிற அகலம்தான், இரண்டு பேருக்குக் காணாது. தலையணையை முகர்ந்து பார்த்தாள். அவன் தலையெண்ணெய். அது மட்டும்தான்.

யாரும் இல்லை. அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். இல்லை... நெஞ்சில் இன்னும் கெட்டதாக ஏதோ ஏறியது. பொம்பளை என்றால் சண்டை போடலாம், இதோடு எப்படிச் சண்டை போடுவது? கதவைச் சாத்திக்கொண்டு, கடலையைக் கொறித்துக்கொண்டு, யாரும் கூப்பிடாத இடத்தில் காலை நீட்டிக்கிடந்திருக்கிறான். அதற்கா தலை வாரினான்? அவளிடமிருந்து தப்பி வருவதற்கா, பிள்ளைகளிடமிருந்தா, அவன் அம்மாவின் முனகலிலிருந்தா? கோபத்தில்தான் அந்தக் குழியில் உட்கார்ந்தாள். பிறகு கால் கடுத்ததால் நீட்டினாள். பிறகு, முந்தானையைத் தளர்த்திவிட்டுக் கொஞ்சம் சாய்ந்தாள். எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரிகளின் இரைச்சல் எங்கேயோ தூரத்தில் கேட்டது. மெஹ்னா என்று யாரும் கூப்பிடவில்லை, தண்ணி குடு என்று யாரும் கேட்கவில்லை, அம்மீ என்று யாரும் கதவைத் தட்டவில்லை... கல்யாணமாகிப் பதிமூன்று வருடத்தில் இப்படி ஒரு மத்தியானம் உண்டா? யோசித்தாள். பிரசவத்துக்குப் போன ஆஸ்பத்திரியில்கூடப் பக்கத்துக் கட்டிலில் ஆள் இருந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, அவள் எழுந்திருக்கவில்லை.

போன் அடித்தபோது மணி மூன்றரை. "இன்னா மெஹ்னா, பச்ச ஆயிடுச்சா?" விளக்கு கண்ணுக்கு நேரே இருந்தது, பச்சைப் பசேல் என்று. ஆச்சு, பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"இல்லீங்க... இன்னும் செவப்புதான் கீது."

அந்தப் பக்கம் ஏதோ ஒரு லாரியின் ஹாரன், யாரோ யாரையோ திட்டுவது... இருபத்தைந்து நிமிடம்தான் ஆகும் என்று அவனுக்குத் தெரியும். தெரியும் என்று அவளுக்கும் தெரியும். "ஆங்..." என்றான் கடைசியில், மெதுவாக. "கொஞ்சம் லேட்டாத்தான் ஏறும். அவசரப்படாத. ஃபேன் போட்டுக்கோ, சுவிட்சு தலமாட்டுல கீது." அவ்வளவுதான், வைத்துவிட்டான். ஏன் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை, ஒரு வார்த்தை அதட்டியிருக்கக் கூடாதா? மாட்டிக்கொண்டதால் மழுப்பினானா, இல்லை நிஜமாகவே இருந்துவிட்டு வா என்றுதான் சொன்னானா? கை தானாகத் தலைமாட்டுக்குப் போனது, சுவிட்ச் சொன்ன இடத்தில்தான் இருந்தது. ஃபேன் சுற்றியது, சின்ன ஃபேன், ஆனால் நல்ல காற்று. வியாழக்கிழமை இந்த வண்டி கிளம்பிவிடும், அடுத்த ஞாயிறு அவன் சட்டை மாற்றிக்கொண்டு எங்கே போவான், போகட்டும், எங்கேயாவது போகட்டும்... நான்கு மாதத்தில் பதினாறு ஞாயிறு. பதினாறில் ஒன்றை, ஒரே ஒன்றை, இந்தா மெஹ்னா, நீ போய்க் கொஞ்சம் படுத்திருந்துவிட்டு வா என்று கொடுக்க மனசு வரவில்லையே அவனுக்கு, இன்றைக்குக்கூட அந்த வரிசை நகராமல் போனதால்தானே... கண் எரிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. அவன் குழித்து வைத்திருந்த இடம் அவளுக்கும் சரியாகத்தான் இருந்தது.