பினாஷுவே ஏரி

ஆற்றின் மேல்பகுதியில் என் அக்கா புருஷன் பினாஷுவேக்குத் தெரியாத பாறை கிடையாது. வரைபடம் தயாரிக்க வந்த அரசாங்க ஆட்கள் ஒரு கோடை முழுக்க அவரைத்தான் வழிகாட்டியாகக் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்ததும் என்னைத் தனியே அழைத்தார்.

"மச்சான், அவனுங்ககிட்ட மாவு தீர்ந்துபோச்சு. ரெண்டு நாளா வெறும் டீ. பாவமா இருந்துச்சு, நம்ம ஏரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"வாயத் திறக்காத. கொன்னுடுவா."

மலைக்குப் பின்னால் இருக்கும் அந்த ஏரி ஆற்றிலிருந்து பார்த்தால் தெரியாது. நாங்கள் வேட்டையாடித் தின்னும் கலைமான் வராத வருடங்களில் எங்கள் நான்கு குடும்பங்களும் அதன் மீனைத் தின்றுதான் பிழைத்தோம். மற்ற வருடங்களில் வலை போடமாட்டோம்.

இரண்டு வருடம் கழித்து அச்சடித்த வரைபடம் வந்தது. ஏரியின் மேல் அவர் பெயர். நன்றிக்காக வைத்தார்களாம். அவர் அதைக் கூடாரத்தில் விரித்துவைத்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். முதலில் கத்தித் தீர்த்த அக்காவும் கடைசியில், "ஏரியப் பாரு, மூக்கு ஒழுக உக்காந்திருக்கு" என்றாள்.

அடுத்த கோடையிலிருந்து தண்ணீரில் இறங்கும் விமானங்களில் மீன்பிடிக்க ஆட்கள் வந்தார்கள். தூண்டிலில் எவ்வளவு போய்விடும் என்று நினைத்தோம்.

நான்காவது குளிர்காலம் மான் வரவில்லை. பதினொரு நாள் நடந்து ஏரிக்குப் போனோம். கரையில் பனிக்கு மேல் தலைநீட்டிக் கிடந்தன தகர டப்பாக்கள். பனிக்கட்டியை உடைத்து வலை இறக்கினோம். முதல் நாள் இரண்டு மீன். அப்புறம் ஒன்றுமில்லை. பினாஷுவே தன் பங்கை என் மகள் அனியேஸுக்கு ஊட்டிவிட்டு, மான்தோல் வாரை வேகவைத்து மென்றார். ஆறாம் நாள் அனியேஸ் இறந்துபோனாள். அவளுக்கு நாலு வயது. மறுவாரம் அக்காவின் கைக்குழந்தையும் போனது.

வசந்தத்தில் கடற்கரை ஊருக்கு வந்ததும் பினாஷுவே அங்கிருந்த அரசாங்க அலுவலகத்துக்குப் போனார். நானும் உடன் போனேன்.

"அந்த ஏரிய எடுத்துடுங்க. என் பேரையாவது எடுத்துடுங்க."

அங்கிருந்தவர் நல்ல மனிதர். "அச்சடிச்சாச்சுங்களே. அடுத்தது எப்போ போடுவாங்கன்னு எனக்கே தெரியாது" என்றார்.

பினாஷுவே அதன்பின் ஆற்றுப் பக்கமே போகவில்லை. அக்கா அவருக்குச் சாப்பாடு வைப்பாள், பேசமாட்டாள். விமானத்தில் வருகிறவர்கள், "நீங்கதானே ஏரிக்காரர்?" என்று தேடிவந்து கைகுலுக்குவார்கள்.

ஒருநாள் நான் விறகு கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"மச்சான், ஒரு வார்த்தை திட்டேன்."

உங்கள் தப்பில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் திட்டியாவது இருக்க வேண்டும். கட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

அப்புறம் அவர் கேட்கவே இல்லை. அவர் செத்து ஆறு வருடமாகிறது.