வாஷிங் அலவன்ஸ்

ஆஸ்பத்திரியில் எத்தனை தடவைதான் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்? "அம்மா என்ன வேலை பார்த்தாங்க?" ஹவுஸ் ஒய்ஃப் என்போம். எழுதிக்கொள்வார்கள். அடுத்த மாடிக்குப் போனால் அங்கே இன்னொருத்தர் ஆரம்பத்திலிருந்து கேட்பார். ஒன்றரை வருஷமாக இதே கதை. எனக்கு அலுத்துவிட்டது.

மங்களம் என் மனைவி. அறுபத்து நாலு வயது. ஹைதராபாத் மல்காஜ்கிரியில் எங்கள் வீட்டு மாடிப்படி பதினாறு. நாலாவது படியிலேயே உட்கார்ந்துவிடுவாள். முதலில் டிபி என்றார்கள். ஆறு மாசம் மாத்திரை தின்று மூத்திரம் ஆரஞ்சு கலரில் போனதுதான் மிச்சம். நுரையீரலைச் சுற்றி நீர் சேர்ந்தது. ஊசி போட்டு எடுத்தார்கள், மறுபடி சேர்ந்தது. மூன்றாவது தடவை உள்ளேயிருந்து கொஞ்சம் சதையைக் கிள்ளி டெஸ்டுக்கு அனுப்பினார்கள். அந்த ரிப்போர்ட் இன்று காலை வந்தது.

இங்கே டாக்டர் சாருலதா நம்மவர். தமிழிலேயே பேசினார். மங்களம் வார்டில் படுத்திருந்தாள். மகள் அக்ஷதா இன்ஷூரன்ஸ் கவுண்டரில் நின்றிருந்தாள். நான் மட்டும்தான் டாக்டர் எதிரில் இருந்தேன்.

"மீசோதீலியோமான்னு பேரு. நுரையீரலைச் சுத்தி ஒரு ஜவ்வு இருக்குங்க. அதுல வர்ற கேன்சர். சிகரெட், புகை இதனாலல்லாம் வர்றதில்ல. இது வந்தா நாங்க முதல்ல தேடறது ஒண்ணுதான். ஆஸ்பெஸ்டாஸ் தூசி எங்க பட்டுச்சு?"

எனக்குக் கோபம் வந்தது.

"தூசி பட்டது எனக்கும்மா. மல்லாபூர்ல கூரை ஷீட் பாக்டரில முப்பத்து நாலு வருஷம். மூட்டையக் கிழிச்சு ஆஸ்பெஸ்டாஸ் நாரைக் கொட்டற செக்‌ஷன். வந்தா எனக்கு வரணும். நான் கல்லு மாதிரி உக்காந்திருக்கேன். அவ அந்த கேட்டுக்குள்ள காலே வச்சதில்ல. அவளுக்கு ஏன் வரணும்?"

டாக்டர் சண்டைக்கு வரவில்லை.

"உங்க யூனிபார்ம யார் துவைச்சா?"

"அவதான்."

"எப்படித் துவைப்பாங்க?"

"எப்படின்னா? நல்லா உதறிட்டு ஊற வைப்பா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கண்ணுக்குத் தெரியாத நார் அது, உதறும்போது மூச்சோடு உள்ளே போய்த் தங்கிவிடும், கரையாது, வெளியே வராது, முப்பது நாற்பது வருஷம் சும்மா கிடந்துவிட்டு அப்புறம் இப்படிக் கிளம்பும் என்றார். பாக்டரிக்குள் போகாத பெண்டாட்டிகளுக்கு இப்படி வந்திருக்கிறதாம். உலகம் பூராவும் வந்திருக்கிறதாம்.

"பாக்டரிலயே லாண்டரி வச்சிருக்கணுமே. இல்லையா?"

"இல்லம்மா," என்றேன்.

பொய். லாண்டரி இருந்தது. அதை மூட வைத்தவன் நான்.

எண்பத்தெட்டில் நான் யூனியன் செக்ரட்டரி. லாண்டரியில் போட்ட சட்டை பட்டன் இல்லாமல் வரும், ஒருத்தன் பேண்ட் இன்னொருத்தனுக்குப் போகும். தினம் புகார். லாண்டரியே வேண்டாம், வாஷிங் அலவன்ஸாகக் கையில் கொடு, வீட்டில் துவைத்துக்கொள்கிறோம் என்று கேட்டில் நின்று கத்தினேன். நாலே நாளில் மேனேஜ்மெண்ட் ஒத்துக்கொண்டது. போனஸுக்கு நாற்பது நாள் இழுத்தடிக்கிறவர்கள் இதற்கு ஏன் நாலே நாளில் கையெழுத்துப் போட்டார்கள் என்று இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. மாலை போட்டார்கள், தோளில் தூக்கினார்கள். அத்தனை பேரும் அன்றிலிருந்து யூனிபார்மை வீட்டுக்குக் கொண்டுபோனோம். குளித்துவிட்டு வந்தால் ஷிப்ட் பஸ் போய்விடும் என்று பாதிப் பேர் அதைப் போட்டுக்கொண்டேதான் போனோம்.

டாக்டர் வேறு ஏதோ மருந்து பெயரெல்லாம் சொன்னார். குணமாகுமா என்று கேட்டேன். "நாளைத் தள்ளிப் போடலாம்," என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

வார்டுக்கு நடக்கிற தூரத்தில் ரெண்டு இடத்தில் உட்கார்ந்தேன். அவளிடம் சொல்வதா, முழுங்கிவிடுவதா? சொல்லி அவளுக்கு என்ன கிடைக்கப்போகிறது? மிச்சமிருக்கும் நாளில் என் மூஞ்சியை வெறுப்போடு பார்க்க வேண்டும், அவ்வளவுதானே? முழுங்கிவிடலாம் என்றே முடிவு செய்தேன். என்னைப் போல ஒரு கோழையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

மங்களம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கட்டிலோரம் இட்லி அப்படியே இருந்தது.

"சாப்பிடல?"

"நக்கோ, வேண்டாம். வாயெல்லாம் கசக்குது. என்னவாம்?"

"ஒண்ணுமில்ல. மருந்து மாத்தப் போறாங்க."

"அந்த மண்ணெண்ணெய் ஸ்டவ் புகைதாங்க. கேஸ் வாங்கலாம்னு நீங்க சொன்னீங்க, நான்தான் அப்புறம் பாத்துக்கலாம்னேன். எல்லாம் என்னாலதான். உங்களையும் அலைய விட்டு, அக்ஷதாவையும் லீவு போட வச்சு..." மூச்சு முட்டியது. "மன்னிச்சுக்குங்க."

என்னால் தாங்க முடியவில்லை. அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்! எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வியாதியின் பேர், நார், உதறியது, லாண்டரி, நான் போட்ட சத்தம், டாக்டரிடம் சொன்ன பொய் உட்பட.

அவள் மூக்கில் வைத்திருந்த ஆக்ஸிஜன் குழாயைச் சரி செய்துகொண்டாள்.

"அந்த மால வாடற வரைக்கும் கழட்ட மாட்டேன்னீங்க," என்றாள்.

"திட்டு. நல்லா திட்டு மங்களம்."

"திட்டறதுக்கு மூச்சு வேண்டாமா?" கண்ணை மூடிக்கொண்டாள். "தெரிஞ்சா செஞ்சீங்க? விடுங்க." கொஞ்ச நேரத்தில் சட்டென்று திறந்தாள். "ஏங்க, துவைக்கறதால வருதா, உதறறதால வருதா?"

"உதறும்போதுதான் ஜாஸ்தி உள்ள போகுமாம்."

"எத்தன வருஷம் கழிச்சு வரும்?"

"முப்பது, நாப்பதுன்னாங்க."

அவள் விரல்கள் என் மணிக்கட்டைப் பிடித்தன. அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"எனக்குத் தும்மல் வரும்னு நான் பாதி நாள் உதறவே மாட்டேங்க. அக்ஷதாகிட்டதான் கொடுப்பேன். ஸ்கூல் விட்டு வந்ததும் மொட்டை மாடில நின்னு உதறுவா. அந்தத் தூசி வெயில்ல மின்னும். இன்னொரு தடவ, இன்னொரு தடவன்னு அவளே கேட்டு வாங்கி உதறுவா. ஆறு வயசு, ஏழு வயசு... ஐயோ, நானே கையில எடுத்துக் கொடுத்தேங்க."

எனக்கு இது தெரியாது. நான் ஷிப்டில் இருந்திருப்பேன்.

அக்ஷதாவுக்கு இந்த ஆவணி வந்தால் நாற்பத்தொன்று. வாசலில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. மங்களம் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினாள். பிறகு அவளே தலையாட்டுவதை நிறுத்திவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இன்ஷூரன்ஸ் அப்ரூவல் வச்சேசிந்தி டாடி, வந்துடுச்சு," என்று பைலைக் கட்டிலில் போட்டாள் அக்ஷதா. "ஏன் ரெண்டு பேரும் இப்படி இருக்கீங்க? டாக்டர் ஏமன்னாரு, என்ன சொன்னாங்க?"

"உக்காரும்மா. நாளைக்கு நீயும் அந்த டாக்டரப் பாக்கணும். நெஞ்ச ஸ்கேன் பண்ணணும்."

"நானா?" சிரித்தாள். "எனக்கென்ன? நான் நல்லாத்தானே இருக்கேன். எதுக்கு டாடி?"

"என்னாலதான்," என்றேன்.