மாடிக் கூடத்து ஜாயிண்ட்

"நான் அப்பிடிச் சொல்லல புள்ள, அவரு கேட்டாரு, நான்..."

"சொன்னீங்க. இந்தக் காதாலதான் கேட்டேன், கார்ப்பெட்டு ஜாயிண்ட் போட்டது எங்க வீட்டுக்காரி ஸாரேன்னு..."

"கேட்டதுக்குப் பதில் சொல்ல வேணாமா, போனுல அந்த மனுசன்..."

"பதினெட்டு வருசமா இந்தப் பதிலு எங்க போயிருந்துச்சு?"

ஒச்சப்பன் போனைக் கைலி மடிப்பில் செருகிக்கொண்டு மாடிக் கூடத்து ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டான், கட்டின புருசன் செய்கிற வேலை அதுதானே, முதுகைக் காட்டுவது... பாண்டிச்செல்விக்குக் காது இரண்டும் கொதித்தது. ஒட்டுக் கேட்டாளா என்ன, வெங்கிடராமன் ஸாருக்கு மெதுவாகப் பேச வராது, பாலக்காட்டிலிருந்து கூப்பிட்டாலும் கொச்சி மட்டாஞ்சேரியில் கேட்கப் போனே வேண்டாம், இந்த ஓட்டல் வேலை முழுக்க அவர் மேற்பார்வை, காலையில் மாடிக்கு வந்திருக்கிறார், கூடத்துக் கார்ப்பெட்டில் கோடு ஓடுவதைப் பார்த்திருக்கிறார், "அந்த ஸ்த்ரீயை இனிமே கார்ப்பெட்டுல கை வைக்க விடப்படாது கேட்டயா, அப்டீன்னா கீழ ரெண்டு ரூமும் நீ பண்ணு, இல்லேன்னா இடப்பள்ளிலேந்து வேற ஆள் வரும்," அதற்கு இவன் என்ன சொன்னான், செரி ஸாரே. செரியாம். எது செரி? யாரைக் கேட்டுச் செரி? இன்னும் அரை மணியில் நேரில் வருகிறாராம், வந்து அந்தச் செரியை இவன் வாயால் இன்னொரு தரம் கேட்டுக்கொண்டு கீழ்வேலையைக் கையில் கொடுப்பாராம், இவன் டேப்பும் கத்தியும் எடுத்துக்கொண்டு இறங்குவானாம், அவள் வீட்டில் உட்கார்ந்து கப்பைக்கிழங்கு வேகவைக்க வேண்டுமாம்...

கோடு இல்லையென்று அவள் சொல்லவில்லையே. போன வாரம் விரிக்கும்போது மூன்று நாள் விடாத மழை, ஜன்னலெல்லாம் அடைத்து டியூப்லைட்டில் வேலை, அப்போது தண்ணீர் போல ஒரே பரப்பாகத் தெரிந்த கூடம் இன்றைக்கு வெயில் அடித்துக் கதவைத் திறந்ததும் இரண்டாகக் கிடக்கிறது, அந்தப் பக்கம் ஒரு சாம்பல், இந்தச் சுவரோரத் துண்டு வேறொரு சாம்பல், நடுவில் யாரோ குச்சியால் கிழித்த மாதிரி. ஒரு காலத்தில் சுக்கு மூட்டை அடுக்கியிருந்த இடம், எத்தனை பெயிண்ட் அடித்தும் ஈரம் பட்டால் இன்னும் காரநெடி வரும் சுவர், அதற்குள் ஓட்டல் கட்டுகிறார்கள், யூதத் தெருவான ஜூ டவுனுக்கு வருகிற வெள்ளைக்காரர் காலுக்கு மெத்தென்று இருக்க வேண்டுமாம்... ஸாரே, நீங்கள் அந்த ஸ்த்ரீ கையைப் பற்றிப் பேசுகிறீர்களே, அந்தக் கை என்ன செய்யும் தெரியுமா, கார்ப்பெட்டைக் குப்புறப் போட்டு, பின்னால் நூல்வரி ஓடும் தடத்திலேயே கத்தியை விட்டு, ஒரு நூலைக்கூட அறுக்காமல் ஓரம் எடுக்கும், எடுத்த ஓரம் பிரியாமல் பசையை மயிரிழையாக இழுக்கும், அதைப் பூசாமல் ஒட்டுகிறவன் எத்தனை பேர் தெரியுமா, இரண்டு மாதத்தில் நூல் தலை தூக்கும், அப்புறம் வாக்குவம் மெஷின் பிடித்து இழுத்தால் சேலைக் கரை போல வந்துகொண்டே இருக்கும்... பசை டேப்பை இரண்டு ஓரத்துக்கும் அடியில் நேர்நடுவில் போட்டு, இஸ்திரியை அதன்மேல் ஒரு சாண், நிறுத்து, ஒரு சாண், நிறுத்து, அவசரப்பட்டால் பசை உருகாது, மயங்கி நின்றால் மேலே கார்ப்பெட் முடி கருகிச் சுருளும், பின்னாலேயே இரண்டு ஓரத்தையும் விரலால் கூட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், நடுவில் காற்றுப் போகாமல், பலகை வைத்து அதன்மேல் பழைய இருபது கிலோ எடைக்கல், சூடு முழுக்க ஆறுகிறவரை எடுக்கக் கூடாது, முந்தி எடுத்தால் ஒட்டு முதுகு வளைக்கும். தெருமுனை யூசுப் கடைக் கிடங்கில் சும்மா கிடந்த கல், அவள் கேட்டு வாங்கி வந்தது, அது கூட இவனுக்குத் தோன்றவில்லை. வைப்பின் தீவில் ஒரு கல்யாண மண்டபத்தில் அறுபதடி ஜாயிண்ட், மண்டபத்துக்காரர் ஒட்டு எங்கேயென்று குனிந்து குனிந்து தேடினார், எவிடெயாடா ஒட்டிச்சது ஒச்சப்பா என்று இவன் தோளில்தான் தட்டினார், இவன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான், அவள் சுவரோரம் துண்டு பொறுக்கிக்கொண்டிருந்தாள். நன்றாக வந்தால் கண்ணுக்குத் தெரியாது, தெரியாததை யார் போட்டதென்று எவன் கேட்பான்? தெரிகிற ஒன்று விழுந்தவுடனே வந்துவிட்டது பார் பெயர், வீட்டுக்காரியாம்.

"இங்க வாங்க," என்றாள். அவன் வரவில்லை. "வாங்கங்கறேன். ஒக்காருங்க. இழுத்துப் பாருங்க."

"எதுக்கு இப்ப..."

"ஜாயிண்ட் நான் போட்டதுன்னீங்கல்ல. பிரிச்சுக் காட்டுங்க. பிரிஞ்சுச்சுன்னா நானே ஸாருகிட்ட சொல்றேன், கையை வெட்டி அவரு கையிலயே குடுக்கறேன்."

"வாயப் பாரு," என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தான், கோட்டின் இரண்டு பக்கமும் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான், மூச்சுப் பிடித்து இழுத்தான், கழுத்து நரம்பு புடைத்தது, அசையவில்லை, நகத்தை விட்டு நெம்பிப் பார்த்தான், நகம் இறங்கவில்லை. போடு, இன்னும் இழு, எத்தனை கோழி அடித்துப் போட்டிருக்கிறேன் இந்த உடம்புக்கு... அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான், பிறகு கோட்டை, பிறகு ஜன்னலை.

"ஒட்டு கெட்டியாத்தான் இருக்கு," என்றான். "அப்பறம் ஏன் கோடு தெரியுது?"

கேட்டான் பார் கேள்வி. ஏனாம். அவள் கார்ப்பெட்டில் கன்னத்தைச் சாய்த்துப் படுத்தாள், ஜன்னலை நோக்கிப் பெரிய துண்டின் முடியெல்லாம் காற்றில் நெல் சாய்ந்த மாதிரி அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, சுவரோரத் துண்டின் முடி எதிரே சாய்ந்து அவள் முகத்தைப் பார்த்தது. "படிக்கட்டுல நீங்க சுருட்டித் தூக்கிட்டு வந்தீங்கல்ல, இந்தச் சின்னத் துண்ட," என்றாள், படுத்தபடியே. "ரெண்டு பேரு ஒண்ணா ஏற முடியாத படி. மேல வந்து தூண் இடிக்குதுன்னு, திருப்ப எடமில்லன்னு, ஏத்தின வாக்குலயே விரிச்சீங்க. தல மாறிப் போச்சு. அதோட முடி கிழக்க பாக்குது, இதோட முடி மேக்க பாக்குது. டியூப்லைட்டுல ஒண்ணும் தெரியல. வெயிலு பட்டதும் ரெண்டு நெறமா காட்டிக் குடுத்துருச்சு."

அவன் தானும் படுத்தான். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் கன்னத்தை வைத்துக்கொண்டு கிடந்தார்கள், வெங்கிடராமன் ஸார் இந்த நேரம் வந்தால் என்ன நினைப்பார்... பிறகு, "அட ஆமா," என்றான், சின்னக் குரலில். "நான் பண்ணின கூத்துதான். வரட்டும், ஸாருகிட்ட நானே சொல்றேன், விரிச்சது என் தப்பு, இவ மேல ஒண்ணுமில்லன்னு. துண்ட எடுத்துட்டு வேற போட்டாப் போச்சு. கீழ ரூமுக்கும் நீதான் வர்ற."

வேண்டியது இதுதானே. பதினெட்டு வருசத்துக்கும் சேர்த்து இந்த ஒரு வார்த்தை, கேட்டாயிற்று, இப்போது எழுந்து உட்கார்ந்து, புரியுதா இப்ப யாரு கை கெட்ட கைன்னு ஒரு அறை விட வேண்டியதுதானே... ஏன் எழ வரவில்லை? மழை நாள் கண்முன் வந்து நிற்கிறதே ஏன்? அன்றைக்கு இஸ்திரி சூடாகிக்கொண்டிருந்தது, ஓட்டல் ஆபீஸிலிருந்து அந்தப் பெண் ஸாதனா வேலையைப் போட்டோ எடுக்க வந்தாள், நல்ல பெண், குனிந்து பார்த்து, இந்த ஜாயிண்ட் எல்லாம் யாரு சேட்டா செய்யறது என்று கேட்டாள், முதல் தடவையாக ஒருத்தி கேட்டாள், பாண்டிச்செல்வி தலை நிமிர்வதற்குள் இவன், "எல்லாம் நம்ம கைதான் மேடம், இவ ஹெல்ப்பரு," என்றான். ஹெல்ப்பரு. அந்தப் பெண் ஓ என்றாள், போட்டோவுக்கு இவனை மட்டும் நிற்கச் சொன்னாள். பாண்டிச்செல்வி குனிந்துகொண்டாள், குனிந்து, எப்போதும் செய்கிற மாதிரி இரண்டு துண்டுக்கும் குறுக்கே உள்ளங்கையை ஒரு இழுப்பு இழுத்தாள், அந்தப் பக்கம் வழவழவென்று போன கை இந்தப் பக்கம்... சொரசொரத்ததா? சொரசொரத்தது, முடி எதிரே சாய்ந்தால்தான் சொரசொரக்கும். இல்லை, மழை ஈரம் என்று நினைத்தாள். நினைத்தாளா, நினைத்துக்கொண்டாளா? கை நின்றது, ஒரு கணம் நின்றது, அது நினைவிருக்கிறது, வாயைத் திறந்தால் ஒரே வார்த்தை, ஏங்க இதத் திருப்பணும், அவ்வளவுதான், அந்தப் பெண் இன்னும் வாசலில்தான் நின்றிருந்தாள். அவள் இஸ்திரியை எடுத்தாள். ஒரு சாண், நிறுத்து. ஹெல்ப்பருக்கு என்ன தெரியும். ஒரு சாண், நிறுத்து. இவன் விரித்ததுதானே, இவன் கைதானே எல்லாம், தெரியட்டும்... அப்படியா நினைத்தாள்? அப்படி நினைத்திருந்தால் இத்தனை கெட்டியாக எதற்கு ஒட்டினாள்?

கீழே வண்டி வந்து நின்றது, படியில் செருப்புச் சத்தம் ஏறியது. ஒச்சப்பன் எழுந்து உட்கார்ந்து கைலியைச் சரிசெய்தான், குனிந்து கோட்டின் குறுக்கே தன் உள்ளங்கையை ஒரு தரம் இழுத்துப் பார்த்தான், இன்னொரு தரம் இழுத்தான், அவள் முகத்தைப் பார்த்தான்.

"நீ கைய வச்சுப் பாக்காம ஒரு நாளும் ஒட்ட மாட்டியே புள்ள... அன்னைக்கு மட்டும் பாக்கலியா?"