பதினோராம் விதி

சம்பா அறுத்து, தாளை மிதித்துச் சமன்படுத்திய ஐந்து மா வயலில் மேலத்தெரு கால்பந்து அணி ஏழாவது கோலை அடித்தபோது, கோட்டருகே நின்ற வைரக்கண்ணு மனத்துக்குள் வகுத்துக்கொண்டிருந்தார். அவர் பயிற்றுவித்த வாய்க்கால்கரை அணி தன் ஐந்து ஆட்டங்களையும் முந்தின நாளே முடித்துவிட்டது. அடித்த கோல்கள் எட்டு, வாங்கியவை இரண்டு. எட்டை இரண்டால் வகுத்தால் நான்கு. இந்தக் கடைசி ஆட்டத்தில் மேலத்தெரு வென்றால் இரு அணிகளுக்கும் புள்ளி சமம். மேலத்தெரு இதுவரை அடித்தவை பதினைந்து, வாங்கியவை மூன்று. வகுத்தால் ஐந்து. இருபத்திரண்டு ஆண்டு காத்திருந்தது வீண்.

போட்டியின் விதிகளை 1953இல் எழுதியவர், ஊரில் வானொலி வைத்திருந்த ஒரே மனிதர். அந்தப் பருவத்தில் இங்கிலாந்தில் ஆர்சனல் அணியும் பிரஸ்டன் அணியும் ஐம்பத்து நான்கு புள்ளிகளில் சமமாக நின்றன. அடித்த கோலை வாங்கிய கோலால் வகுத்து, பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வித்தியாசத்தில் ஆர்சனலுக்குப் பட்டம் கொடுத்தார்கள். நம்மவருக்கு அந்தக் கணக்கின் நேர்த்தி பிடித்துப்போயிற்று. பதினோராம் விதியாக எழுதிவைத்தார். இங்கிலாந்து அதை 1976இல் கைவிட்டது. இங்கே ஒருவரும் அதைத் தொடவில்லை. தொடவேண்டிய தேவையும் வரவில்லை, வைரக்கண்ணு கேப்டனாக இருந்த அந்த ஆண்டு வரை.

அன்றும் புள்ளி சமம். வாய்க்கால்கரை பதினான்கு அடித்து ஏழு வாங்கியிருந்தது. மேலத்தெரு ஆறு அடித்து இரண்டு வாங்கியிருந்தது. கோப்பைக்குக் கை நீட்டிய வைரக்கண்ணுவுக்கு, மேலத்தெருக்காரரான போட்டிச் செயலாளர் பஞ்சநதம் விதிப்புத்தகத்தை ஆட்டிக்காட்டினார்.

“கூட்டிக் கழிக்கத் தெரிஞ்சாப் போதுமாடா? வகுக்கத் தெரியணும். உங்கப்பனுக்கே வராதது ஒனக்கு எங்கேருந்துடா வரும்?”

கூட்டம் சிரித்தது. பஞ்சநதத்தின் வயலில் வேலைபார்த்த காத்தானும், மகன் முகத்தைப் பாராமல், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிரித்தார். கோப்பை போனதை வைரக்கண்ணு ஒரு மாதத்தில் மறந்தார். அப்பாவின் சிரிப்பை மறக்கவில்லை.

எட்டு ஆண்டுகளுக்கு முன், பொதுக்கூட்டத்தில் ஃபாஜில் என்ற புதிய உறுப்பினர், “ஒலகமே கழிச்சுத்தாங்க பாக்குது. நாமளும் மாத்திக்கலாமே” என்றார். எதிர்த்து எழுந்தவர் வைரக்கண்ணு. “பெரியவங்க வச்ச விதிங்க. இருந்துட்டுப் போகட்டும்.” முதலில் கைதட்டியவர் பஞ்சநதம். அடித்தவனுக்கு மறதி, அடிபட்டவனுக்கு நினைவு.

ஏழுக்குப் பூஜ்யம். பஞ்சநதத்தின் செல்போனில் இருந்த புள்ளிப்பட்டியல், கழித்துப் பார்த்து, மேலத்தெருவை முதலிடத்தில் காட்டியது. அவர் குஷியாகிவிட்டார்.

“டேய், கீப்பரும் ஒண்ணு அடிக்கட்டுண்டா!”

கீப்பர் பரணிதரன் கோலை விட்டு ஓடிவந்தான். பந்து பறிபோய், ஆளில்லாத கோலுக்குள் உருண்டது. எல்லோரும் சிரித்தார்கள், பஞ்சநதமும் சிரித்தார். பதினைந்தை நான்கால் வகுத்தார் வைரக்கண்ணு: மூன்றே முக்கால். போதும். விளையாட்டு முற்றி, இன்னொன்றும் அதேபோல் உருண்டது. அது உபரி.

பரிசளிப்பில், கோப்பையைத் தூக்கிய பஞ்சநதத்தின் முன் வைரக்கண்ணு விதிப்புத்தகத்தை விரித்து வைத்தார்.

“இது எதுக்கு வைரக்கண்ணு? எங்களுக்குப் பத்து கோல் கூடுதல். ஒங்களுக்கு ஆறுதான்.”

“கூட்டிக் கழிச்சது போதுங்க ஐயா. புள்ளி சமமானா, செயலாளரே பதினோராவது விதிய மைக்குல வாசிக்கணும்னு இருக்கு. வாசிங்க.”

பஞ்சநதம் வாசித்தார். இரண்டாம் வரியில் குரல் மெலிந்தது.

“பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கலைங்க.”

மறுபடி வாசித்தார்.

“இப்ப வகுத்துச் சொல்லுங்க. எட்ட ரெண்டால?”

“நாலு.”

“பதினஞ்ச அஞ்சால?”

பஞ்சநதம் மைக்கைச் சற்றுத் தள்ளிப் பிடித்தார். பிறகு, “மூணு.”

“கீப்பரக் கூப்புட்டது யாருங்க?” என்று கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது. வயலே சிரித்தது. கோப்பையை நீட்டிய பஞ்சநதமும், யார் முகத்தையும் பாராமல், தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு சிரித்தார்.

வைரக்கண்ணு உடனே வாங்கிக்கொள்ளவில்லை. அந்தச் சிரிப்பு முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.