லேட் என்றால் செத்தவன்

எக்ஸ்பயர்டு என்று எழுதப்போன தந்தி குமாஸ்தாவின் கையை நாச்சிமுத்து பிடித்து நிறுத்தினார்.

"அதென்னங்க வார்த்தை?"

"காலமாயிட்டாருன்னு அர்த்தமுங்க பெரியவரே. எல்லாருக்கும் இதுதான் போடறது."

"எனக்கா தெரியாது? லாரி பர்மிட்டு முடிஞ்சா எக்ஸ்பயர். இன்சூரன்சு முடிஞ்சா எக்ஸ்பயர். எந்தம்பி என்ன லாரியா?"

சேந்தமங்கலம் தபாலாபீசில் அந்தக் காலை நேரத்தில் வேறு ஆள் இல்லை. குமாஸ்தா சுவாமிநாதன் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நாச்சிமுத்து மூன்றாம் வகுப்போடு நின்றவர். தன்னால் படிக்க முடியாததை எவன் எழுதினாலும் அதில் ஏதோ சூது இருக்கிறது என்பது அவர் கணக்கு.

"லேட்டுன்னு போடுங்க. யுவர் ஃபாதர் லேட். கீழ எம்பேரு."

"லேட்டுன்னா தாமதம்னும் படிக்கலாமுங்க. பேருக்கு முன்னால போட்டாத்தான்..."

"செத்தவனுக்கு லேட்டு. எங்கப்பன் பேருக்கு முன்னால பத்திரிகையில அச்சடிச்சே வச்சிருக்குது."

"உடனே பொறப்பட்டு வான்னாவது சேத்திரட்டுங்களா?"

"அப்பன் செத்தான்னா, வான்னு வெத்தல பாக்கு வேற வெக்கணுமா?"

குமாஸ்தா அப்படியே எழுதினார். தந்தி ஆந்திரத்துப் பெஜவாடாவில் இருந்த தம்பி மகனுக்குப் போயிற்று.

அந்த வார்த்தையை நாச்சிமுத்து சும்மா நம்பவில்லை. செத்துப்போன தம்பி சென்னிமலை ஹைஸ்கூலில் முப்பது வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த வாத்தியார். தப்பு இங்கிலீஷைக் கண்டால் அவருக்குச் சோறு இறங்காது. லாரியை நிறுத்தி, பின்னால் எழுதியிருப்பதைத் திருத்துவார். டாக்டர் சீட்டையும் விடமாட்டார். பேத்தி கலியாணத்துக்கு நாச்சிமுத்து இங்கிலீஷில் பத்திரிகை அடித்தபோது, சிவப்புப் பென்சிலால் பதினோரு இடத்தில் கீறிக் கொடுத்தார். 'லேட் அப்புசாமி' என்ற இடத்தை மட்டும் தொடவில்லை. தம்பி தொடாமல் விட்ட வார்த்தை என்றால் அது சுத்தமான வார்த்தை.

வாத்தியாரின் ஒரே மகன் மயில்சாமியையும் அந்தப் பென்சில்தான் துரத்தியது. பெஜவாடாவில் லாரி புக்கிங் ஆபீசில் சேர்ந்த புதிதில் அவன் அப்பாவுக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினான். மூன்று நாளாகக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை என்று. அதில் 'சின்ஸ்' வரக்கூடாதாம், 'ஃபார்' தான் வரவேண்டுமாம். வாத்தியார் திருத்தி, அந்தக் கடிதத்தையே உறையில் போட்டுத் திருப்பி அனுப்பினார். காய்ச்சலைப் பற்றி ஒரு வரி இல்லை. அதன்பிறகு ஆறு வருஷம் மகன் எழுதவில்லை. போன மாதம்தான் தமிழில் ஒரு கார்டு வந்தது, பையன் பிறந்திருக்கிறான் என்று. வாத்தியார் அதை நாலு தடவை படித்தார். நானே வருகிறேன் என்று பதில் போட்டு, ரயிலுக்கு டிக்கெட்டும் எடுத்தார். திங்கட்கிழமை ராத்திரி கிளம்பினால் செவ்வாய் சாயங்காலம் பெஜவாடா. அந்தத் திங்கட்கிழமை விடிகாலை பல் தேய்க்கப் போனவர் தொட்டி ஓரத்திலேயே சாய்ந்துவிட்டார்.

செவ்வாய் மதியம் வரை மகன் வழியைப் பார்த்தார்கள். சேலத்திலிருந்து கொண்டுவந்த ஐஸ் பாதிக்குமேல் கரைந்து, உமியும் தண்ணீருமாக வாசலில் ஓடியது. சித்திரை வெயில். வாத்தியாரின் மூக்கில் வைத்த பஞ்சை இரண்டு தடவை மாற்றியாயிற்று.

"வரமாட்டானுங்க மச்சான்," என்றார் நாச்சிமுத்துவின் தங்கை வீட்டுக்காரர் பெரியசாமி. "அப்பன் மொகத்தப் பாக்க வராத பய. அவனுக்கோசரம் பொணத்த நாறப் போடறதா?"

"வந்தா வாரான், வராட்டிப் போறான்," என்றார் நாச்சிமுத்து. அவருக்கும் உள்ளுக்குள் அந்த நினைப்புத்தான். ஆறு வருஷம் எழுதாதவன் கொள்ளி வைக்கவா வருவான்?

வாத்தியார் சம்சாரம் முத்தாயம்மாள் மட்டும் வீட்டுக்கு வரும் தடத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். பஸ் சத்தம் கேட்டபோதெல்லாம் அழுகையை நிறுத்தினாள்.

பன்னிரண்டு மணிக்குத் தந்தி குமாஸ்தா தானே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, நாச்சிமுத்துவை வைக்கோல்போர் அடிக்குத் தனியாக அழைத்துப்போனார்.

"பதில் வந்திருக்குதுங்க."

"என்னங்குறான்?"

"அப்பாவ மெதுவா வரச் சொல்லுங்க, நான் தெனமும் ஸ்டேஷன்ல நிக்கிறேன்னு போட்டிருக்காருங்க."

நாச்சிமுத்து தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒட்டியிருந்த எழுத்துகள் கறுப்பாக, ஒழுங்காக இருந்தன.

"அவன் எழுதுன இங்கிலீஷு செரிதானுங்களா?"

"ரெண்டு தப்பு இருக்குதுங்க."

"ஆனா வெளங்குது."

"வெளங்குதுங்க."

குமாஸ்தா தரையைப் பார்த்தார். "இன்னொண்ணு அடிச்சிரட்டுங்களா? போய்ச் சேர ராத்திரி ஆயிரும். அதுக்குள்ள அவரு ஸ்டேஷனுக்குப் போயிருவாரு."

"அடிங்க."

"என்னன்னுங்க?"

"நீங்களே எழுதுங்க. என்னக் கேக்காதீங்க." கொஞ்சம் தள்ளிப் போனவரைக் கூப்பிட்டார். "மெட்ராஸ் வண்டி அங்க எத்தன மணிக்குப் போய்ச் சேருது?"

"சாயங்காலம் ஆறே காலுக்குங்க."

வாசலுக்கு வந்தபோது பெரியசாமி இன்னும் மகனை வைதுகொண்டிருந்தார். கூட இருந்த நாலு பேர் ஒத்துப் பாடினார்கள்.

"நிறுத்து மாப்ள," என்றார் நாச்சிமுத்து. "அவன் மேல குத்தமில்ல. நான் போட்ட தந்தியில எந்தம்பி சாவல. வர நேரமாவும்னு இருக்குது."

பறை அடித்தவன்கூடக் கையை எடுத்துவிட்டான். முத்தாயம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். என்ன சொல்வாளோ என்று நாச்சிமுத்து நின்றார்.

"அப்ப அவனுக்கு இன்னும் அப்பன் இருக்காருங்க மாமா," என்றாள். பிறகு வாத்தியாரின் கால்மாட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். அதற்குமேல் தடத்தைப் பார்க்கவில்லை.

"எடுங்க," என்றார் நாச்சிமுத்து. "கொள்ளி நான் வெக்கிறேன்."

"தம்பிக்கு அண்ணன் வெக்கிறதா? மொறையில்லீங்களே மச்சான். பங்காளி பசங்க இருக்கறாங்க," என்றார் பெரியசாமி.

"நான் வெக்கிறேன்னா வெக்கிறேன்."

நாவிதரிடம் தலையைக் குனிந்து கொடுத்தார். எழுபத்து மூன்று வயதில் நெருப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு சுடுகாடு வரை நடந்தார். பெரியசாமி பக்கத்திலேயே, பிடிக்கத் தயாராக வந்தார். பிடிக்க விடவில்லை.

எரியவிட்டு, வாய்க்காலில் முழுகி எழுந்து, எல்லோரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். நாச்சிமுத்து ஈரவேட்டியோடு கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கூப்பிட்டவர்களிடம், "போங்க, வாரேன்," என்றார். வேட்டி உடம்பிலேயே காய்ந்தது. பொழுது இறங்க இறங்கக் கொல்லிமலையின் அடிவாரம் முதலில் கறுத்தது. வெயில் மெல்ல மேலே ஏறி உச்சிப் பாறைகளில் மட்டும் நின்றது.

ஆறே கால், அங்கே மெட்ராஸ் வண்டி வரும் நேரம் ஆகியிருக்கும். நாச்சிமுத்து எழுந்து நின்றார்.